வன்தட்டும் வரலாறும்: சிதைவுறும் தரவுகளை மீட்டல் பற்றிய சில குறிப்புகள் — மாதோட்டத்தை முன்னிறுத்தி

ஒரு சமூகத்தின் நினைவு எப்பொருளின்மீது எழுதப்பட்டுள்ளதோ, அப்பொருளின் ஆயுளுக்கும் அச்சமூகத்தின் வரலாற்றறிவுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கல், செப்பேடு, ஓலை, தாள் ஆகியன பற்றித் தமிழாய்வாளர் ஓரளவு சிந்தித்துள்ளனர். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில் நமது எழுத்துகளும் ஒலிப்பதிவுகளும் ஒளிப்படங்களும் பெரும்பாலும் காந்தப் பூச்சுடைய வட்டத்தட்டுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அத்தட்டுகள் பழுதுறும்போது நிகழ்வது யாது, எதனை மீட்கலாம், எதனை மீட்கவியலாது, யாரால் மீட்க முடிகின்றது என்னும் வினாக்களைப் பொறியியலாளருக்கும் வணிகருக்கும் மட்டும் உரியனவென விட்டுவிடுதல் இலக்கிய மாணவருக்கு ஏற்புடையதன்று. எழுத்தின் பொருள்வகை அடிப்படையை ஆராய்வதும் இலக்கிய ஆய்வின் ஒரு கூறேயாம்.

இக்கட்டுரையில் திருக்கேதீஸ்வரத்தையும் அதனைச் சூழ்ந்த மாதோட்டத்தையும் முன்னிறுத்துகின்றோம். அழிதல், புதைதல், சுட்டப்படுதல், மீட்கப்படுதல் என்னும் நிலைகள் யாவற்றையும் ஒரே நிலத்தில் காணத்தக்க இடங்கள் ஈழத்தில் அரிதாகவே உள்ளன. அந்நிலத்தின் அனுபவம் வன்தட்டின் இயல்பை விளங்கிக்கொள்ளவும் உதவுகின்றது.

1. மாதோட்டம்: புதைந்ததும் சுட்டியதும்

சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஈழத்துத் தலங்கள் இரண்டனுள் திருக்கேதீஸ்வரம் ஒன்று, மற்றையது திருக்கோணேஸ்வரம். பாலாவிக் கரையிலமைந்த இக்கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. அதன் பின்னர் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அவ்விடம் காடாகவும் மேடாகவும் கிடந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் கோயிலை மீளக் கட்டுமாறு சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். அவர் மறைந்த பின், 1893இல் நிலம் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் இடிபாடுகளிடையே பழைய சிவலிங்கம் கண்டெடுக்கப்பட்டது.

இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கட்டடம் மறைந்தபோதும் கட்டடத்தைச் சுட்டும் பாடல் மறையவில்லை. மாதோட்டம் என்னும் ஊர்ப்பெயரும் பாலாவி என்னும் நீர்நிலையின் பெயரும் பதிகங்களில் நின்றன. பதிகங்கள் ஓதுவோர் நாவிலும் ஏடுகளிலும் பலவிடங்களில் வாழ்ந்தன. புதையுண்ட பொருளுக்கு அவை சுட்டியாக அமைந்தன. சுட்டி எஞ்சியமையாலேயே எங்கு தேடவேண்டும் என்பதைப் பின்வந்தோர் அறிந்தனர்.

இதே நிலத்தில் மற்றொரு மீட்பும் நிகழ்ந்தது. ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளரின் தலைமையில் 1980, 1982, 1984 ஆகிய ஆண்டுகளில் மாந்தை மேட்டில் அகழ்வுகள் நடைபெற்றன. சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் ஒரே மண்ணடுக்குகளில் வெளிப்பட்டு, இந்துமாக்கடல் வணிகத்தில் இத்துறைமுகம் பெற்றிருந்த இடத்தை உறுதிசெய்தன. போரினால் பணி நின்றது. முழுமையான அறிக்கை 2013இலேயே நூலாக வெளிவந்தது. இறுதி அகழ்வுக்கும் நூலுக்கும் இடையே 29 ஆண்டுகள் கழிந்தன. அகழ்வாய்வு மீளச் செய்யவியலாத தொழில். ஒரு மண்ணடுக்கை ஒருமுறையே அகற்றலாம். அகற்றிய பின் எஞ்சுவது குறிப்பேடும் வரைபடமும் ஒளிப்படமுமே. ஆகவே பதிவு அழியின் அகழ்வும் அழிந்ததாகும். பழுதுற்ற வன்தட்டை வாசிக்கும் செயலும் இத்தன்மையதே என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. வன்தட்டின் இயல்பு

ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவி 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தது. அதில் அடங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள். இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டியொன்று அதனைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்ளும். எனினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும். அதன் மேற்பரப்பைத் தொடாமல், சில நனோமீற்றர் உயரத்தில், சுழற்சியால் எழும் காற்றின்மீது மிதந்தவாறு வாசிப்புமுனை இயங்கும். மனித மயிரின் தடிப்புப் பல்லாயிரம் நனோமீற்றர் என்பதை நினைவுகூர்ந்தால் இவ்விடைவெளியின் நுண்மை புலனாகும். ஒரு தூசித்துகள் அம்முனைக்கு மலைபோன்றது.

தட்டில் தரவுகள் 512 அல்லது 4096 பைற் அளவுடைய சிறு கூறுகளாக எழுதப்படுகின்றன. ஒரு கட்டுரையோ கூத்துப் பதிவோ இத்தகைய பல்லாயிரம் கூறுகளில் பரந்து கிடக்கும். எக்கோப்பு எக்கூறுகளில் உள்ளது என்பதை வேறோரிடத்தில் எழுதப்பட்ட அட்டவணை கூறும். இவ்வட்டவணையையும் அதன் விதிகளையும் சேர்த்துக் கோப்பு முறைமை என்பர்.

ஒரு கோப்பை நாம் அழிக்கும்போது பொதுவாக அட்டவணையிலுள்ள பதிவே நீக்கப்படுகின்றது. உடல் தட்டிலேயே கிடக்கும். புதிய தரவு அவ்விடத்தில் எழுதப்படும்வரை அது மீட்கத்தக்கதே. மேலெழுதப்பட்டதோ எக்கருவியாலும் மீளாது. கோயில் இடிந்து மேடானபோது லிங்கம் மண்ணுள் கிடந்தது. வேறு சுவருள் கல்லாகப் பதிக்கப்பட்டவற்றைக் கோயிலாக மீட்டெடுத்தல் இயலாதாயிற்று. மறைதலுக்கும் மேலெழுதப்படுதலுக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடே மீட்பியலின் முதற் பாடமாகும்.

அண்மைக் காலத்துத் திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. அவற்றில் சுழலும் தட்டு இல்லை. அழிக்கப்பட்ட கோப்பின் இடம் தேவையற்றது என்பதை இயக்க முறைமை உடனே அறிவித்துவிடுவதால், கருவியே அவ்விடத்தை வெறுமையாக்கி விடுகின்றது. ஆங்கு மீட்புக்கான காலம் மிகக் குறுகியது.

3. பழுதின் வகைகள்

பழுதுகளை இரு பிரிவாக நோக்கலாம். அட்டவணையோ கோப்பு முறைமையோ சிதைந்து, கருவி நலமாயிருப்பது ஒருவகை. கருவியே நோயுறுவது மற்றொரு வகை. பின்னதன் அறிகுறிகள் வெளிப்படையானவை: ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடம் செல்லுதல், கணினி அடிக்கடி உறைந்துபோதல், சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்னும் ஒலி கேட்டல். வன்தட்டு தன்னைத் தானே கண்காணித்து வைத்திருக்கும் குறிப்பில், வாசிக்கவியலாது காத்திருக்கும் கூறுகளின் எண்ணிக்கையும், பழுதென ஒதுக்கி மாற்றிடம் தரப்பட்ட கூறுகளின் எண்ணிக்கையும் பதிவாகியிருக்கும். இவ்வெண்கள் நாளுக்கு நாள் ஏறுமாயின் தட்டு சாகத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

கடற்கரை நிலங்களில் உப்புக்காற்றும் ஈரப்பதனும் மின்தொடுகைகளை அரிக்கும். திடீர் மின்வெட்டு, எழுதிக்கொண்டிருக்கும் அட்டவணையைப் பாதியில் விட்டுவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. தட்டின் பழுதுக்குத் தட்டு மட்டுமே காரணமன்று என்பதும், நாட்டின் கடனும் எரிபொருட் பற்றாக்குறையும் ஒரு சிற்றூரின் ஆவணப் பெட்டிவரை எட்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

4. மீட்பின் ஒழுங்கு

மீட்புப் பணியில் முதற் செயல் நிறுத்துதலாகும். வாசிப்புமுனை பழுதுற்ற நிலையில் தட்டு சுழலும் ஒவ்வொரு நிமிடமும் பூச்சைச் சுரண்டக்கூடும். உறைபெட்டியில் வைத்தல், தட்டிப் பார்த்தல் முதலிய கைமருத்துவங்கள் தீங்கு தருவன. குளிரவைத்த தட்டின்மீது நீராவி ஒடுங்கிப் படிந்து எஞ்சியதையும் கெடுக்கும். இயக்க முறைமையிலுள்ள 'பழுதுபார்க்கும்' செயலியை மூலத்தட்டின்மீது இயக்குதலும் தகாது. அது அட்டவணையைச் சீராக்கும் நோக்கில் தட்டிலே புதிதாக எழுதும்; எழுதுதல் மீட்பின் பகை.

அடுத்த செயல் முழுப்படி எடுத்தலாகும். கோப்பு கோப்பாக அன்றி, முதற்கூறு தொடங்கி இறுதிக்கூறு வரை தட்டு முழுவதையும் நலமான மற்றொரு தட்டுக்குப் பெயர்த்தல் வேண்டும். இதற்கெனக் குனூ இயக்கத்தார் இலவசமாக வழங்கும் 'டீடீரெஸ்கியூ' என்னும் மென்பொருளின் செயன்முறை சிந்தனைக்குரியது. சாதாரண நகலெடுப்பு பழுதான கூறொன்றைக் கண்டால் அங்கேயே நின்று மீண்டும் மீண்டும் முட்டி மோதும். அம்மோதலில் தட்டே இறந்துபடலாம். இம்மென்பொருளோ முதலில் எளிதில் வாசிக்கத்தக்க பகுதிகள் யாவற்றையும் எடுத்துக்கொள்ளும். பழுதானவற்றைத் தாண்டிச் செல்லும். எவை எடுக்கப்பட்டன, எவை எஞ்சின என்பதைத் தனியொரு வரைபடக் கோப்பிற் குறித்துவைக்கும். பின்னரே எஞ்சிய இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் செதுக்கி, சில வேளைகளில் எதிர்த்திசையிலும் வாசித்து, இயன்றவற்றைப் பெறும். இடையில் மின்சாரம் நின்றாலும் வரைபடத்தைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாவது செயல் படியின்மீது நிகழ்வது. மூலத்தட்டை எடுத்துவைத்துவிட்டுப் படியிலேயே அட்டவணையைச் சீர்செய்தல் வேண்டும். அட்டவணை முற்றாக அழிந்திருப்பின் உடலின் அடையாளங்களைக் கொண்டு தேடலாம். ஒவ்வொரு வகைக் கோப்பும் தனக்கேயுரிய தொடக்க எழுத்துகளை உடையது, பீ.டீ.எப். கோப்பு தன் பெயரையே தொடக்கத்திற் பொறித்திருக்கும். 'போட்டோரெக்' போன்ற மென்பொருள்கள் இத்தொடக்கங்களைத் தேடிக் கோப்புகளை வெட்டியெடுக்கும். ஆயின் பெயர், திகதி, அடைவு ஆகியன மீளா. பத்தாயிரம் படங்கள் கிடைக்கலாம். எது எவ்வூரில் எந்நாளில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் இருந்தாலன்றி அவை வெறும் படங்களே.

வாசிப்புமுனை ஒடிந்திருந்தால் மென்பொருளாற் பயனில்லை. தூசியகற்றிய அறையில் பெட்டியைத் திறந்து, அதே வகையைச் சேர்ந்த வேறொரு தட்டிலிருந்து முனையை எடுத்துப் பொருத்துதல் வேண்டும். மின்சுற்றுப் பலகையை மாற்றுவதும் எளிதன்று. ஒவ்வொரு தட்டுக்கும் தனியாக அளந்து பதியப்பட்ட விவரங்கள் அப்பலகையின் சில்லில் இருப்பதால், அச்சில்லையும் பெயர்த்துப் பொருத்தவேண்டியுள்ளது.

5. ஏட்டுப் பதிப்பும் தரவு மீட்பும்

மேற்கூறிய ஒழுங்கு தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்குப் புதியதன்று. தொடும்போதே ஓரம் உதிர்ந்து, அவிழ்க்கும்போதே ஒடியும் ஏடுகளைக் கொண்டு பணிசெய்த துன்பத்தைச் சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) தம் பதிப்புரையில் விரிவாகக் கூறியுள்ளார். சிறுப்பிட்டியிற் பிறந்த அவர் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. ஒருமுறை பிரித்தால் மறுமுறை பிரிக்கவியலாத ஏட்டைப் படியெடுத்துக்கொண்டு, பின்னர் படியை வைத்தே ஆராய்தல் அவர்தம் காலத்துப் பதிப்பாளருக்கு இயல்பான முறையாயிற்று. கயிறறுந்து வரிசை குலைந்த சுவடிக்கட்டில் ஓரத்து ஏட்டெண்ணே அட்டவணை; அவ்வெண்ணும் செல்லரித்தபோது பொருட்டொடர்பும் யாப்புமே வழிகாட்டின. அட்டவணையிழந்த தட்டில் தொடக்க எழுத்துகளைக் கொண்டு கோப்பைத் தேடுதல் இதனோடு ஒத்ததே. வேறு நூலின் ஏடு இடையிற் புகுந்ததுபோலவே, சிதறிக் கிடந்த கூறுகள் தவறாக இணைந்து ஒரு படத்தின் கீழ்ப்பாதியில் வேறொரு படம் தோன்றுதலும் உண்டு.

சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாளர், தம் கற்பனையால் நிரப்புபவரினும் நேர்மையாளர். வாசிக்கவியலாத கூறுகளை வரைபடத்திற் குறித்துவைக்கும் மென்பொருளும் அந்நேர்மையையே கடைப்பிடிக்கின்றது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மங்கிய படத்தையும் தேய்ந்த குரலையும் 'திருத்தித்' தருகின்றன. அவை தருவது ஊகமேயன்றி மீட்பன்று. ஆவணக் காப்பாளர் இவ்விரண்டையும் வேறாக வைத்துக் குறித்தல் இன்றியமையாதது.

இது வெறும் முறையியற் பிரச்சினையாக மட்டும் நிற்பதில்லை. 2013 டிசெம்பரில் திருக்கேதீஸ்வரத்துக்கு அண்மையில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடைபெற்ற அகழ்வில் எண்பதுக்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. இத்தகைய புதைகுழிகளில் ஒளிப்படமும் அளவைக் குறிப்பும் சான்றாகும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினருக்கு அச்சான்று நீதியின் ஒரு கூறு. அது ஒரேயொரு தட்டில் இருந்து, பின்னர் சாட்சியத்துக்கு அழைக்கப்படும்போது 'படியிலே மாற்றம் செய்யப்படவில்லை' என்பதை நிறுவவேண்டிவரும். இதற்கெனவே தடயவியலார் எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் வைத்துப் படியெடுப்பர். முழுத் தரவிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் குறியெண்ணை உடனே பதிவுசெய்வர். ஒரு எழுத்து மாறினும் குறியெண் மாறிவிடும். படியெடுத்த நாளிலேயே செய்யப்படாத இப்பதிவைப் பின்னர் எவராலும் செய்துகொள்ளவியலாது.

6. மீட்பின் பொருளாதாரம்

மீட்கத்தக்கது யாவும் மீட்கப்படுவதில்லை. தொழில்நுட்பம் வரையறுக்கும் எல்லைக்கு வெகு முன்னரே பணம் ஓர் எல்லையை வரைந்துவிடுகின்றது. தூசியகற்றிய அறையும் தேர்ந்த தொழிலாளரும் பெருநகரங்களிலேயே உள்ளனர். தனியார் நிறுவனமொன்றின் கணக்குத் தட்டும், ஒரு மீனவர் சங்கத்தின் பேரேட்டுத் தட்டும் ஒரேவகைப் பழுதையே அடையலாம். முன்னது மீளும், பின்னது மேசை இழுப்பறையிற் கிடக்கும். மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்க நாடக மரபு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றிக்கு எம்பரதோர், மூவிராசாக்கள் முதலிய நாடகங்களைப் பதிப்பித்தமையால் அவை நிலைபெற்றன. அச்சேறாத வாசாப்புகளும் அண்ணாவிமாரின் கொப்பிகளும் முதியோர் பாடிய கடற்பாடல்களும் இன்று கைப்பேசியிலும் வெளித்தட்டிலும் பதிவுகளாக உள்ளன. அவற்றின் சந்தைப் பெறுமதி பூச்சியம். ஆகவே அவற்றை மீட்கச் சந்தை முன்வராது.

வன்தட்டு உற்பத்தி இன்று உலகில் சீகேற், வெஸ்ரேண் டிஜிற்றல், தொஷிபா என்னும் மூன்று நிறுவனங்களின் கையில் ஒடுங்கியுள்ளது. தட்டின் உள்ளியக்கக் கட்டளைகளை அவை வெளியிடுவதில்லை. மீட்பாளர் அவற்றைத் தாமே ஆய்ந்தறியவேண்டியுள்ளது. 2011இல் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் தட்டின் விலை ஏறியது. மாதோட்டத்து வாசாப்பின் ஒலியும் தாய்லாந்துத் தொழிலாளியின் கையுழைப்பும் ஒரே பண்டத்தில் இணைந்துள்ளன என்பதை அவ்வெள்ளம் வெளிப்படுத்திற்று. இதற்கு மாறாக, முன்னர்க் கூறிய இரு மென்பொருள்களும் உலகின் பல பகுதிகளிலுள்ளோர் பொதுவுடைமையாகப் பேணிவருவன. பணமில்லாதோர்க்கு இன்று கிட்டும் மீட்புக் கருவிகள் பெரும்பாலும் இத்தகைய கூட்டுழைப்பின் பேறே.

மேகச் சேமிப்பு யாவற்றையும் தீர்க்கும் எனக் கூறுவாருளர். மேகம் என்பது வேறொருவரின் தட்டு. வாடகை நின்றால் நினைவும் நிற்கும். அதனை ஒரு படியாகக் கொள்ளலாமேயன்றி ஒரேபடியாகக் கொள்ளலாகாது.

7. முடிவுரை

ஓரிடத்தில் ஒரேபடியாகத் திரட்டி வைப்பதன் ஆபத்தை நாம் 1981இலேயே கண்டோம். அவ்வாண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியிருந்தவை பின்னர் மீண்டன, தனிப்படிகள் மீளவில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் மன்னார் உள்ளிட்ட வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, காணி உறுதிகளும் பள்ளிவாசற் பதிவேடுகளும் விட்டுவரப்பட்டன. நெருப்பாலும் துரத்தலாலும் அழிந்தவற்றுக்கு அடுத்து, கவனமின்மையாலும் பணமின்மையாலும் தட்டுகளில் அழிவன வரிசையாய் நிற்கின்றன. இவ்வழிவில் ஓசை இல்லை. ஆகவே எதிர்ப்பும் இல்லை.

ஆவணக் காப்பாளரிடையே வழங்கும் நெறி எளியது: மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறூரில். இதனைத் தனியாள் ஒழுக்கமாக மட்டும் கொள்வது போதாது. 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம், ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் எவரும் இலவசமாகப் பெறத்தக்கதாகச் செய்து, கூட்டுழைப்பின் ஆற்றலைக் காட்டியுள்ளது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் பிரதேச சபை நூலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வழியில் மேலும் செல்லவேண்டும். களப்பணிக்குச் செல்லும் மாணவர் பதிவின் ஒரு படியைப் பதிவு செய்யப்பட்ட ஊரிலேயே விட்டுவருதல், ஆண்டுக்கொருமுறை தட்டுகளை வாசித்துப் பார்த்தல், ஐந்தாறு ஆண்டுகளுக்கொருமுறை புதிய தட்டுக்குப் பெயர்த்தல், கோப்பின் பெயரிலேயே ஊரையும் நாளையும் பாடியவரையும் எழுதுதல் ஆகியன பெருஞ்செலவின்றி இயல்வன. மாவட்டத்துக்கு ஒருவரேனும் முழுப்படி எடுக்கும் முறையைக் கற்றிருத்தல் பெரும்பாலான தட்டுகளைக் காக்கப் போதுமானது. முனையொடிந்தவற்றுக்கே பெருநகர் நாடவேண்டும்.

ஓலை ஏறத்தாழ முந்நூறாண்டு தாங்கும் என்பர். வன்தட்டை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நம்புதல் அறிவுடைமையாகாது. எனினும் ஓலையிலிருந்த நூல்கள் பிழைத்தமைக்கு ஓலையின் உறுதி காரணமன்று. தலைமுறைதோறும் எழுத்தாணி பிடித்த கைகளே காரணம். எந்நூலை மீண்டும் படியெடுப்பது என்பதை அக்காலத்தில் மடங்களும் செல்வரும் தீர்மானித்தனர். அவர்தம் தெரிவுக்குள் வராத உழைக்கும் மக்களின் பாடல்கள் ஏடேறாமலே மறைந்தன. இன்று படியெடுத்தல் எளிதாகவும் மலிவாகவும் உள்ளது. எதனைப் படியெடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கவேண்டும் என்பதே எஞ்சும் வினா. அவ்வினாவுக்கு மாதோட்டத்துக் கடற்றொழிலாளரும் அண்ணாவிமாரும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் விடைகூறும் நிலையை உருவாக்குதல் நமது ஆய்வுப் பணியின் பகுதியாகும்.